நாற்பத்து மூன்றில் ஒன்றரைப் பங்கு

2022 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இடியுடன் கூடிய மழை. சிங்கப்பூரில் எங்கள் ஆறாவது மாடி அலுவலகத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கட்டடம் தெரியாத அளவுக்குப் பெய்துகொண்டிருந்தது. நான்கு இடிகளை எண்ணிவிட்டு ஐந்தாவதற்காகக் காத்திருந்தேன். அப்போது அந்த மின்னஞ்சல் வந்தது.

எங்கள் பிரிவில் இப்போது எண்ணும் வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும் வேலையை அது தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறதாம். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைப் பிரிவின் மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். நாற்பத்து நான்கு ஆண்டு வேலையிலிருந்து எதை எழுதுவது என்று ஒன்பது நாள் யோசித்தேன். அந்தச் செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நான்கு நாட்களையே எழுதத் தோன்றியது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நூலக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கினேன். பிறகு கணினி வந்தது, அட்டைகள் போயின, என்னைத் தரவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலை ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவது. படிப்பது அல்ல, எண்ணுவது. எந்த நாட்டிலிருந்து எந்தத் துறையில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று அட்டவணை போட்டுக் கொடுப்போம். யாருக்குப் பணம் தருவது, எந்த ஆய்வகத்தை நடத்துவது என்று முடிவு செய்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். அந்த வேலை எனக்குப் பொருந்தியது. ரயில் நிலையப் படிகளைக்கூட எண்ணாமல் ஏறத் தெரியாதவன் நான்.

கடைசியாகச் செய்த பெரிய வேலை, பெருந்தொற்று பற்றிய ஆய்வுகளில் சிறிய தீவு நாடுகளின் பங்கை அளந்து ஓர் அறிக்கை தயாரித்தது. தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் கட்டுரைகள் கொட்டின. அவற்றில் தீவுகள் எழுதியது எவ்வளவு என்று ஒரு நிதியமைப்பு எங்களிடம் கேட்டிருந்தது.

கேட்க எளிதாக இருக்கும். முதலில் தொற்றைக் குறிக்கும் சொற்களை வைத்துக் கட்டுரைகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒரே கட்டுரை முதலில் முன்வரைவாகவும் பிறகு இதழிலும் வந்திருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு எழுத்தாளரின் முகவரியையும் பார்த்து அவரை ஒரு நாட்டில் சேர்க்க வேண்டும். இரண்டு நாடுகளில் முகவரி உள்ளவரைப் பாதிப்பாதியாகப் பிரிக்க வேண்டும். சிக்கல் இதற்குப் பிறகுதான் வரும். நான்கு பேர் சேர்ந்து ஒரு அண்டா பிரியாணி சமைத்தால், ஆளுக்கு ஒரு அண்டா என்று எழுதுவதா, ஆளுக்குக் கால் அண்டா என்று எழுதுவதா? முதல் வழி முழு எண்ணிக்கை. இரண்டாவது பங்கு எண்ணிக்கை.

பங்கு எண்ணிக்கைதான் நியாயம் என்று வாதாடியவன் நான். முழு எண்ணிக்கையில், பெரிய நாட்டார் எழுதிய கட்டுரையில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் போதும், அந்தத் தீவும் முழுக் கட்டுரை எழுதியதாக ஆகிவிடும். அது பொய்க்கணக்கு என்று இரண்டு கூட்டங்களில் பேசினேன். ஜெயித்தேன். பெருமையாகவும் இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவி சரோஜா மேடம் என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரைவைக் கொடுத்தால் 2பி பென்சிலால் ஓரத்தில் புள்ளி வைப்பார். அவ்வளவுதான். ஒரு புள்ளி என்றால் அந்த வரியில் அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. என்ன சந்தேகம் என்று எழுதமாட்டார். நாமே கண்டுபிடித்து, சரிசெய்து, புள்ளியை அழித்துத் திருப்பித் தரவேண்டும். புதிதாக வந்த ஒருவர், "மேடம், என்ன தப்புன்னு சொல்லிட்டா டைம் மிச்சம் லா" என்று கேட்டாராம். "நான் சொன்னா அந்தத் தப்பு மட்டும்தான் சரியாகும்" என்றாராம் மேடம்.

தீவு அறிக்கையின் வரைவில் முப்பத்தோரு புள்ளிகள் இருந்தன. முப்பதுக்குப் பதில் கண்டுபிடித்தேன். முப்பத்தோராவது, அட்டவணையின் அடிக்குறிப்புக்குப் பக்கத்தில், மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தது. தாளில் ஒட்டியிருந்த தூசி என்று எடுத்துக்கொண்டேன். அந்த அடிக்குறிப்பு இதுதான்: 'ஆய்வு வெளியீடு இல்லாத தீவுகள் அட்டவணையில் காட்டப்படவில்லை.'

இனி அந்த மின்னஞ்சல். எழுதியவர் மேரியன். பசிபிக்கில் உள்ள ஒரு தீவின் ஒரே மருத்துவமனையில் ஆய்வக நுட்பர். தீவின் பெயரை எழுதவேண்டாம் என்று பின்னாளில் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்.

'உங்கள் அறிக்கையில் எங்கள் தீவு இல்லை. நாங்கள் ஒரு கட்டுரையில் பங்கேற்றிருக்கிறோம், அதை இணைத்திருக்கிறேன். நாங்கள் எங்கே தவறு செய்தோம் என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் நிதிக்குழு கூடுகிறது. உங்கள் அட்டவணையில் இருக்கும் தீவுகளின் ஆய்வுப் பணியிடங்களை மட்டுமே புதுப்பிப்பார்கள் என்று சொல்கிறார்கள். என் பணியிடம் டிசம்பரில் முடிகிறது.'

நாங்கள் எங்கே தவறு செய்தோம் என்ற வரியை மூன்று முறை படித்தேன்.

பிறகு தேடினேன். அவருடைய கட்டுரை எங்கள் தொகுப்பிலேயே இருந்தது. விட்டுப்போகவில்லை. படகில் வந்து இறங்கியவர்களை எத்தனை நாள் தனிமைப்படுத்தினார்கள், யாருக்கு எந்த நாளில் காய்ச்சல் வந்தது என்று பல தீவுகளின் குறிப்பேடுகளைச் சேர்த்து எழுதியது. எழுதியவர்கள் நாற்பத்து மூன்று பேர். மேரியன் ஒருவர். நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு, தசமத்தில் 0.023. அட்டவணையில் ஒரே ஒரு தசம இடம் வைத்திருந்தேன். 0.023 அங்கே 0.0 ஆனது. அட்டவணை ஒரு பக்கத்தைத் தாண்டி இரண்டு வரி அடுத்த பக்கத்தில் வழிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. 0.0 என்று இருந்த வரிகளை எடுத்துவிட்டேன், அழகாக ஒரு பக்கத்தில் அடங்கியது. எடுத்ததற்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே என்று அந்த அடிக்குறிப்பை எழுதினேன்.

எல்லாமே எங்கள் வேலையில் தினமும் செய்கிற காரியங்கள்தான். கடைசியில், இருந்த ஒன்றை இல்லை என்று அச்சிட்டுவிட்டேன். நீக்கிய மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவை நிஜமாகவே பூஜ்ஜியம். இந்த ஒரு தீவு மட்டும்தான்.

நான்கு மணி நாற்பதுக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். மின்னஞ்சலையும் அட்டவணையையும் வைத்தேன். மேடம் இரண்டையும் படித்து முடித்தார்.

"மிஸ்டர் ராஜு, இணையத்துல இருக்கறத எப்ப மாத்தலாம்?"

"நாளைக்குக் காலையில, மேடம்."

"அச்சுப் பிரதி?"

"முப்பத்தாறு. சாங்கி பக்கத்துல கூட்டம் நடக்கிற ஹோட்டலுக்கு நேத்தே போயிடுச்சு. குழுவுக்கு மேசையில இருக்கிற பிரதிதான் கணக்கு. ஈமெயில் அனுப்பினா அடுத்த கூட்டத்துல பார்க்கிறோம்னு சொல்லுவாங்க. அடுத்த கூட்டம் மார்ச்சுல."

"பிழைத்திருத்தச் சீட்டு போட எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு கையெழுத்து வேணும். சாதாரணமா பதினஞ்சு வேலை நாள்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்த இரண்டு கையெழுத்துகளுக்கும் தானே எழுந்து போனார். ஐம்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வரும்போதே குழுவின் செயலாளரிடம் தொலைபேசியில் பேசிவிட்டும் வந்திருந்தார். கூட்டம் வெள்ளி காலை ஒன்பதரைக்கு. அதற்குள் பிரதிகளில் ஒட்டிவிட்டால் ஏற்றுக்கொள்வார்களாம்.

"அச்சுக்கூலிக்குச் செலவுத் தலைப்பு இல்ல" என்றார். "இந்த அறிக்கையோட பட்ஜெட்ட மூடியாச்சு."

"நான் கட்டிடறேன், மேடம்."

"நானும்தான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அட்டவணை என்னோடது."

குடை இருக்கிறதா என்று கேட்டார் மேடம்.

புதன்கிழமை காலை இணையப் பிரதியைத் திருத்திவிட்டு ஜாலான் புசாருக்குப் போனேன். பூட்டும் குழாயும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் பாஸ்கரின் அச்சகம். இருபத்திரண்டு படிகள். தீபாவளி நெருங்கிவிட்டதால் மாடிப்படி வரைக்கும் காகிதக் கட்டுகள்.

"அண்ணே, தீபாவளிக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றார் பாஸ்கர், தலையைத் தூக்காமலே. "முறுக்கு டப்பா லேபிள் எட்டாயிரம், புடவைக் கடை நோட்டீஸ் பத்தாயிரம். இதுக்கு நடுவுல நீங்க நாப்பது சீட்டுக்கு வந்து நிக்கிறீங்க."

"முப்பத்தாறு போதும். நாலு கைவசம் இருக்கட்டும்."

"எண்ணிப் பார்த்துதான் வாங்குவீங்க, தெரியும். போன தடவை அழைப்பிதழ்ல ஒண்ணு குறையுதுன்னு திரும்பி வந்தவரு நீங்க."

"குறைஞ்சுதானே இருந்தது?"

"குறைஞ்சுது லா! நான் இல்லன்னா சொன்னேன்?"

இருபத்தெட்டு வெள்ளி கேட்டார், டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம். சீட்டில் இரண்டே வரிகள். அந்தத் தீவின் பெயர், கட்டுரை 1, பங்கு 0.02. அதற்குக் கீழே, அடிக்குறிப்பு நீக்கப்படுகிறது என்று ஒரு வாசகம். மாலை ஆறு மணிக்கு வாங்கி, அச்சகத்திலேயே இரண்டு முறையும் ரயிலில் ஒரு முறையும் எண்ணினேன். வீட்டுக்கு வந்து ஒரு படம் எடுத்து மேரியனுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது நள்ளிரவை நெருங்கியிருக்கும்.

என் மனைவி விமலா சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம இருந்தீங்க? கட்டைவிரல் அளவுகூட இல்ல."

"சாப்பிட்டேனே."

"நாலு வாய். நானும் எண்ணுவேன்."

வியாழக்கிழமை காலை எழுந்து பார்த்தால் மேரியனின் பதில் இருந்தது. நன்றி சொல்லியிருந்தார். பிறகு, 'ஒரு சிறிய விஷயம். நேரம் இருந்தால் பேசலாமா?' என்று கேட்டிருந்தார். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் காணொளியில் பேசினோம். அங்கே நண்பகல். ஒரு சிறிய அறை, ஒரு குளிர்பதனப் பெட்டி, தலைக்கு மேல் சத்தமிடும் மின்விசிறி. அவருக்குப் பக்கத்தில் செவிலியர் சீருடையில் இன்னொரு பெண்.

"இவர் லோசா" என்றார் மேரியன். "கட்டுரையில் இருபத்தேழாவது பெயர். காய்ச்சல் குறிப்பேடு இவருடையது. படகுத்துறையில் உட்கார்ந்து எழுதினார். நான் மாதிரிகளைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

கட்டுரையைத் திறந்தேன். இருபத்தேழாவது பெயருக்கு இரண்டு முகவரிகள் இருந்தன. அப்போது அவர் பக்கத்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியாகப் படித்துக்கொண்டிருந்தாராம். பல்கலைக்கழகம் முதல் முகவரி, மருத்துவமனை இரண்டாவது. எங்கள் தரவில் முதல் முகவரி மட்டும் இறங்கியிருந்தது. இரண்டு முகவரி உள்ளவரைப் பாதிப்பாதியாகப் பிரிக்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி. அப்படியானால் இந்தத் தீவின் பங்கு நாற்பத்து மூன்றில் ஒன்றல்ல, ஒன்றரை.

"இதனால் எண் மாறுமா?" என்று கேட்டார் மேரியன். "மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே அச்சடித்துவிட்டீர்கள்."

தாளில் வகுத்துப் பார்த்தேன். 0.0349. இரண்டு தசமத்தில் 0.03.

"மாறும்" என்றேன்.

லோசா முதல்முறையாகப் பேசினார். "உங்கள் கணக்கில் ஒன்றரை ஆளா? இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் வேலை செய்தோம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். பேனாவை மூடி எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

மேடத்திடம் சொல்லி, இணையப் பிரதியிலும் எண்ணை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். மறுபடியும் இருபத்திரண்டு படிகள். பாஸ்கர் இந்த முறை தலையைத் தூக்கினார்.

"என்னண்ணே, ஒண்ணு குறைஞ்சுதா?"

"சீட்டு சரியா இருக்கு. எண் தப்பு. 0.02 இல்ல, 0.03."

"ஐயோ அண்ணே. பாயிண்ட் ஸீரோ டூவுக்கும் பாயிண்ட் ஸீரோ த்ரீக்கும் என்ன பெரிய வித்தியாசம்? யாரு பார்க்கப் போறா?"

"ஒரு நர்ஸ்" என்றேன்.

பாஸ்கர் உள்ளே திரும்பி, முறுக்கு லேபிள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "காசு வேணாம்ணே, இந்த ரவுண்டு என்னோடதா இருக்கட்டும்" என்றார். தப்பு என்னுடையது, கூலி அவருடையது என்பது எந்தக் கணக்கிலும் சேராது என்று சொல்லி இன்னொரு இருபத்தெட்டு வெள்ளியை மேசையில் வைத்தேன்.

"அப்ப பழைய நாப்பதையும் இங்கயே விட்டுட்டுப் போங்க. ஒண்ணு ரெண்டு கலந்துடப் போகுது."

நல்ல யோசனை. கலந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நாற்பதையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் புதியதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது சிராங்கூன் சாலையில் விளக்குகள் போட்டிருந்தார்கள். தள்ளுபடித் துணி வாங்க வந்த கூட்டத்தில் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு கடையில் பசைக்குச்சி இரண்டு வாங்கினேன். ஒன்று முப்பத்தாறுக்கு வருமா என்று உறுதியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஹோட்டலின் கூட்ட அறையில் இருந்தேன். செயலாளர் ஒரு மெலிந்த மனிதர். பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, நான் செய்வதைச் சிறிது நேரம் பார்த்தார். பதினேழாவது பக்கத்தைத் திறக்க வேண்டும், அட்டவணையின் அடியில் அந்த அடிக்குறிப்பு மறையும்படி சீட்டை வைக்க வேண்டும், விரலால் இடமிருந்து வலமாக இரண்டு முறை தேய்க்க வேண்டும், பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் புத்தகத்தைத் திறந்தபடியே விரித்து வைக்க வேண்டும். ஒரு பிரதிக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. இருபத்தொன்பதாவது பிரதியில் முதல் பசைக்குச்சி தீர்ந்தது. இரண்டு வாங்கியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது ஏழுக்கு முடித்தேன். முப்பத்தாறு. மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன், முப்பத்தாறு. செயலாளர், "காய்ந்துவிட்டதா?" என்று கேட்டார். அவருக்கும் என் வியாதி இருக்கிறது போலும். ஒன்பது இருபத்தைந்துக்குக் குழு உறுப்பினர்கள் வரத் தொடங்கினார்கள். நான் வெளியே வந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நவம்பர் இறுதியில் மேரியன் எழுதினார். பணியிடம் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. சீட்டால்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லோசா இணையப் பிரதியின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, '0.03' என்பதைப் பேனாவால் வட்டமிட்டுப் படகுத்துறை அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறாராம். அங்கே வருகிறவர்கள் அது என்ன மருந்தின் அளவு என்று கேட்கிறார்களாம்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு விதி வந்தது. நிஜமான பூஜ்ஜியத்தை மட்டுமே பூஜ்ஜியம் என்று எழுதவேண்டும். அதைவிடப் பெரியது எதுவானாலும், எவ்வளவு சிறியதானாலும், அது தெரியும் அளவுக்குத் தசம இடம் வைக்கவேண்டும். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழிந்தால் வழியட்டும். புதிய மென்பொருளில் இந்த விதி இருக்கிறதா என்று தெரியவில்லை. மலர் ஆசிரியருக்கு மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

டிசம்பரில் என் கடைசி வேலைநாள். மேசையைக் காலிசெய்யும்போது பழைய வரைவு கிடைத்தது. அந்த முப்பத்தோராவது புள்ளி இன்னும் இருந்தது. மேடத்தின் அறைக்கு எடுத்துப் போனேன். எனக்கு இது தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது.

"மேடம், இந்தப் புள்ளி நீங்க வெச்சதா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டினார். அது உதிர்ந்து மேசைமேல் விழுந்தது.

"இது என்னோடது இல்ல, மிஸ்டர் ராஜு" என்றார். "தூசிதான்."

அவர் புள்ளி வைத்து, நான் கவனிக்காமல் விட்டிருந்தால் தப்பு என்னோடு நின்றிருக்கும். தூசியென்றால் அந்த வரியை யாருமே சந்தேகிக்கவில்லை. எது மேல் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. மேடம் பென்சிலை எடுத்து, தூசி இருந்த இடத்திலேயே ஒரு புள்ளி வைத்து, தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து என் சிறிய நோட்டில் இந்த விஷயத்தின் செலவை எழுதி முடித்தேன். முதல் அச்சு இருபத்தெட்டு வெள்ளி. இரண்டாவது அச்சு இருபத்தெட்டு வெள்ளி. பசைக்குச்சி இரண்டு, மூன்று வெள்ளி எண்பது காசு. சாங்கிக்குப் போகவர ரயில், ஒரு வெள்ளி தொண்ணூறு காசு.

"அறுபத்திரண்டுன்னு போட்டுட்டு வந்து சாப்பிடுங்களேன்" என்றாள் விமலா.

அறுபத்தொரு வெள்ளி எழுபது காசு.